ஓட்டு எண்ணும் சிப்: படத்திலிருந்து கோட்டையும் வட்டத்தையும் வன்பொருள் பிரித்தெடுக்கும் விதம்

கேமரா தரும் படத்தில் கோடு என்று ஒன்று கிடையாது, வட்டமும் கிடையாது. 640 நிரல், 480 வரிசை, ஒவ்வொரு பிக்சலிலும் 0 முதல் 255 வரை ஓர் எண். அவ்வளவுதான். இந்த 3,07,200 எண்களில் எவையெவை சேர்ந்தால் ஒரு நேர்கோடு ஆகும் என்று தேடிப் பிடிப்பதைத்தான் வடிவம் கண்டறிதல் என்கிறோம். இதை மென்பொருளாக எழுதி சிபியுவில் ஓட்டலாம். பல வேலைகளுக்கு அதுவே தாராளம். ஆனால் நொடிக்கு 60 படம் வருகிறது, ஒன்றைக்கூட விடக் கூடாது, ஒரு படத்துக்கான பதில் அடுத்த படம் தொடங்குவதற்குள் வேண்டும் என்றால் அந்த வேலைக்கென்றே ஒரு சுற்று கட்டிவிடுவது நல்லது. அதற்குப் பெயர் வன்பொருள் முடுக்கம்.

வன்பொருள் என்றாலே அசுர வேகத்தில் துடிக்கும் கிளாக் என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே நிலைமை தலைகீழ். 640×480 அளவில் நொடிக்கு 60 ஃப்ரேம் வரும் வீடியோவின் பிக்சல் கிளாக் வெறும் 25.175 மெகாஹெர்ட்ஸ். நாம் பார்க்கப்போகும் சுற்றும் அதே கிளாக்கில்தான் ஓடும். 3 கிகாஹெர்ட்ஸ் சிபியு இதைவிட ஏறக்குறைய 120 மடங்கு வேகமானது. இருந்தும் இந்த வேலையில் சுற்று முந்திவிடுகிறது. காரணம் கூட்டல் பெருக்கலில் இல்லை. எண்களை எங்கே வைக்கிறோம், எத்தனை இடத்தில் ஒரே நேரத்தில் எடுத்து எழுத முடிகிறது என்பதில் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக எஃப்பிஜிஏவை வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் தர்க்க உறுப்புகளையும் சின்னச் சின்ன மெமரித் துண்டுகளையும் நம் விருப்பப்படி இணைத்துக்கொள்ளக் கூடிய சிப் அது.

விளிம்பைப் பிடிப்பது

வடிவத்தின் எல்லையில் வெளிச்சம் சட்டென்று மாறும். ஆகவே முதல் வேலை, மாற்றம் அதிகமுள்ள பிக்சல்களை மட்டும் பொறுக்குவது. இதற்குப் பழகிய கருவி 1968 முதல் புழக்கத்தில் இருக்கும் சோபெல் வடிகட்டி. 3×3 சன்னல் ஒன்றைப் படத்தின் மேல் நகர்த்துகிறோம். வலது நிரலின் மூன்று எண்களை 1, 2, 1 என்ற எடையில் கூட்டி, அதே எடையில் கூட்டிய இடது நிரலைக் கழித்தால் கிடைமட்ட மாற்றம் கிடைக்கும். கீழ் வரிசையிலிருந்து மேல் வரிசையை அப்படியே கழித்தால் செங்குத்து மாற்றம்.

சன்னலின் ஒவ்வொரு வரிசையிலும் 20, 20, 200 என்று இருக்கிறதென்றால் கிடைமட்ட மாற்றம் (200 − 20) × 4 = 720. செங்குத்து மாற்றம் பூஜ்யம். கண்ணுக்குத் தெரியும் நல்ல விளிம்பு இது. எல்லாம் 20 ஆக இருக்கும் இடத்தில் நடு வரிசையின் வலது பிக்சல் மட்டும் இரைச்சலால் 60 ஆகிவிட்டால் 2 × 40 = 80 தான் வரும். வரம்பை 150-ல் வைத்தால் முதலாவது தப்பாமல் வரும், இரண்டாவது கழிந்துபோகும்.

சுற்றாக்கும்போது இதில் பெருக்கியே தேவைப்படாது. இரண்டால் பெருக்குவது என்றால் கம்பிகளை ஒரு பிட் தள்ளி இணைப்பதுதான். ஒவ்வொரு திசை மாற்றமும் −1020 முதல் +1020 வரை போகும் என்பதால் குறியுடன் 11 பிட் வேண்டும். இதை 8 பிட்டில் அடைக்கப் பார்ப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அப்போது நல்ல அழுத்தமான விளிம்புகள்தான் முதலில் நிரம்பி வழிந்து காணாமல் போகும், மங்கலானவை பத்திரமாக இருக்கும். படத்தைப் பார்த்தால் வரம்பு தவறோ என்று தோன்றும், ஆனால் குற்றவாளி பிட் அகலம். இரண்டு திசைகளையும் வர்க்கமூலம் போட்டுச் சேர்ப்பதற்குப் பதில் குறியை நீக்கிக் கூட்டிவிடுங்கள். துல்லியம் கொஞ்சம் குறையும், விளிம்பு உண்டா இல்லையா என்று தீர்மானிக்க அது போதும்.

பிக்சல்கள் கேமராவிலிருந்து இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக, கிளாக்குக்கு ஒன்றாக வருகின்றன. 3×3 சன்னலுக்கு மூன்று வரிசைகள் ஒரே சமயத்தில் வேண்டுமே? முழுப் படத்தையும் சேமிக்க வேண்டாம். முந்தைய இரண்டு வரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டால் போதும், மூன்றாவது இப்போது வந்துகொண்டிருப்பது. இதற்கு லைன் பஃபர் என்று பெயர். 640 பிக்சலுக்கு 5,120 பிட். சைலிங்ஸ் நிறுவனத்தின் 7 சீரிஸ் எஃப்பிஜிஏக்களில் உள்ள ஒரு 18 கிலோபிட் பிளாக் ராமில் (சிப்புக்குள்ளேயே இருக்கும் மெமரித் துண்டு) 1,920 பிக்சல் அகலமுள்ள வரிசைகூட அடங்கிவிடும்.

இங்கே இரண்டு கண்ணிகள். வரிசை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், சன்னலுக்குள் போன வரிசையின் கடைசிப் பிக்சலும் இந்த வரிசையின் முதல் பிக்சலும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். அவை படத்தின் இரு கோடிகள். அவற்றுக்கு இடையே பெரிய வித்தியாசம் இருக்கும்போதெல்லாம் சுற்று ஒரு விளிம்பைக் கண்டுபிடித்துவிடும், அதுவும் வரிசைக்கு வரிசை அதே இடத்தில். முடிவில் படத்தின் ஓரத்தோடு ஒட்டியபடி மேலிருந்து கீழ் வரை கச்சிதமான ஒரு பொய்க்கோடு கிடைக்கும். முதல், கடைசி நிரல்களிலும் வரிசைகளிலும் விளிம்பு இல்லை என்று கட்டாயமாக அறிவித்துவிட்டால் தீர்ந்தது.

இரண்டாவது, தாமதம். சன்னலின் நடுப் பிக்சலுக்கான விடை, அந்தப் பிக்சல் வந்து ஒரு வரிசையும் சில கிளாக்கும் கழித்துத்தான் வெளியே வரும். நிரல், வரிசை எண்களையும் 'இது செல்லத்தக்க பிக்சல்' என்னும் குறிப்பையும் அதே அளவு தாமதப்படுத்த வேண்டும். மறந்தால் கண்டுபிடித்த கோட்டைப் படத்தின் மேல் வரையும்போது உண்மையான கோட்டிலிருந்து ஒரு வரிசை கீழும் சில பிக்சல் வலதும் விலகி நிற்கும்.

கோட்டுக்கு ஓட்டு

விளிம்புப் பிக்சல்கள் கிடைத்தாயிற்று. அவற்றில் எவை ஒரே கோட்டில் இருக்கின்றன? இரண்டிரண்டாக எடுத்துக் கோடு போட்டுப் பார்த்தால் கணக்கு எகிறிவிடும். இதற்குப் பால் ஹஃப் சொன்ன வழி வேறு. குமிழ் அறை என்னும் இயற்பியல் கருவியின் புகைப்படங்களில் அணுத்துகள்கள் விட்டுச்சென்ற தடங்களைத் தானாகக் கண்டறிவதற்காக அவர் இதை உருவாக்கினார். 1962-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஒவ்வொரு புள்ளியும் தன் வழியாகப் போகக் கூடிய எல்லாக் கோடுகளுக்கும் ஆளுக்கொரு ஓட்டுப் போட வேண்டும். எந்தக் கோட்டுக்கு அதிக ஓட்டோ அது படத்தில் உண்மையில் இருக்கிறது.

ஹஃப் கோட்டைச் சாய்வாலும் வெட்டுத்துண்டாலும் குறித்தார். செங்குத்துக் கோட்டின் சாய்வு முடிவிலி என்பதால் அது வன்பொருளுக்கு மட்டுமல்ல, தாளில் போடும் கணக்குக்கே தொல்லை. 1972-ல் டூடாவும் ஹார்ட்டும் வேறு குறிமுறையைக் கொடுத்தார்கள். படத்தின் மையத்திலிருந்து கோட்டுக்கு வரையும் செங்குத்தின் நீளம் ரோ, அந்தச் செங்குத்தின் கோணம் தீட்டா:

ரோ = நிரல் × கொசைன் தீட்டா + வரிசை × சைன் தீட்டா

மூன்று புள்ளிகளைப் போட்டுப் பார்க்கலாம். (0, 100), (50, 50), (100, 0). முதல் எண் நிரல், அடுத்தது வரிசை, இரண்டும் மையத்திலிருந்து எண்ணியவை. தீட்டா 0 பாகை என்றால் மூன்றுக்கும் ரோ முறையே 0, 50, 100. ஓட்டு சிதறிவிட்டது. 90 பாகையில் 100, 50, 0. அங்கேயும் அதே கதை. 45 பாகையில் மூன்றுக்கும் 70.7. ரோ, தீட்டா ஜோடி ஒவ்வொன்றுக்கும் ஓட்டை எண்ண ஓர் அறை வைத்தால், ஒரே அறையில் மூன்று ஓட்டு விழுகிறது. கோடு பிடிபட்டுவிட்டது.

இரைச்சலால் வந்த விளிம்புகளும் ஓட்டுப் போடத்தான் செய்யும். ஆனால் கள்ள ஓட்டுகள் பேசி வைத்துக்கொண்டு ஒரே அறையில் விழுவதில்லை, எங்கெங்கோ சிதறும். கோட்டின் நடுவே ஒரு பகுதி மறைந்து போனாலும் மீதி ஓட்டுகள் அதே அறைக்குத்தான் வரும். அறுபது ஆண்டு கழித்தும் இந்த முறை தொழிற்சாலைக் கேமராக்களில் நிற்பதற்கு இந்தப் பொறுமைதான் காரணம்.

மலைக்க வைக்கும் எண்ணிக்கை

பிக்சல்களில் பத்தில் ஒன்று விளிம்பு என்று வைத்துக்கொள்வோம். 30,720 புள்ளிகள். ஒவ்வொன்றும் 0 முதல் 179 பாகை வரை 180 ஓட்டுப் போடுகிறது. ஒரு படத்துக்கு 55 லட்சம் ஓட்டு, நொடிக்கு 33 கோடி. 3 கிகாஹெர்ட்ஸ் சிபியுவின் ஒரு கோருக்கு ஓட்டுக்கு 9 கிளாக் கிடைக்கிறது. முகவரி கணக்கிட்டு, பழைய எண்ணிக்கையை எடுத்து, ஒன்று கூட்டி, திரும்ப எழுத அது ஒருவழியாகப் போதலாம், ஆனால் அந்தக் கோர் வேறெதுவும் செய்யாது. 1920×1080-க்குப் போனால் நொடிக்கு 224 கோடி ஓட்டு, ஓட்டுக்கு 1.3 கிளாக். இனி ஒரு கோரால் முடியாது.

அதைவிடப் பெரிய சங்கடம் மெமரி. ஓட்டுப்பெட்டி 180 கோணம் × 801 ரோ மதிப்பு, அறைக்கு 2 பைட் என்றால் 288 கிலோபைட். பல சிபியுக்களில் எல்1 கேஷ், அதாவது கோருக்கு மிக அருகிலுள்ள வேகமான சிறு மெமரி, ஒரு கோருக்கு 32 கிலோபைட்தான். ஓட்டுகள் அங்குமிங்கும் தாவி விழுவதால் பெரும்பாலானவை அதைவிட மெதுவான எல்2 கேஷ் வரை போய்வர வேண்டும்.

எஃப்பிஜிஏவில் இதே பெட்டியை 180 தனிப் பெட்டிகளாக உடைத்துவிடலாம். கோணத்துக்கு ஒரு பிளாக் ராம். ஒவ்வொன்றும் தன் கோணத்தின் 801 ரோ அறைகளை மட்டும் வைத்திருக்கும். ஒரு விளிம்புப் பிக்சல் வந்ததும் 180 பெட்டிகளிலும் ஒரே கிளாக்கில் ஆளுக்கொரு ஓட்டு விழும். பெட்டிகளுக்கு இடையே போட்டியே கிடையாது, ஏனென்றால் எந்தப் பிக்சலும் ஒரு கோணத்துக்கு ஒரே ஒரு ஓட்டுத்தான் போடும். 40 நானோநொடிக்கு ஒரு பிக்சல் வருகிறது. அதற்குள் 180 ஓட்டும் முடிந்துவிடுகிறது. படத்தில் எத்தனை விளிம்பு இருந்தாலும் நேரம் மாறாது என்பது கூடுதல் ஆதாயம். சிபியுவில் கசகசவென்று இருக்கும் காட்சி வந்தால் நேரம் இழுக்கும்.

பெட்டிகள் அடங்குமா?

ரோவை ஏன் படத்தின் மையத்திலிருந்து அளக்கிறோம் என்றால், 640×480-ன் மூலைவிட்டம் சரியாக 800. மையத்திலிருந்து −400 முதல் +400 வரை, 801 மதிப்பு. மூலையிலிருந்து அளந்தால் −639 முதல் +799 வரை ஓடும். பிளாக் ராம் 1,024 ஆழத்தில், அதாவது 1,024 அறைகளோடு வருவதால் முதலாவது ஒன்றில் அடங்கும், இரண்டாவது அடங்காது. தொடக்கப் புள்ளியை நகர்த்தியதிலேயே பாதி மெமரி மிச்சம்.

18 கிலோபிட் துண்டு ஒன்று 1,024 ஆழம், 18 பிட் அகலம். கோணத்துக்கு ஒன்று என்றால் 180 துண்டு, அதாவது 36 கிலோபிட் பிளாக்குகள் 90. சைங்க் 7020 சிப்பில் 140 பிளாக்குகள் உள்ளன, எனவே இடம் இருக்கிறது. ஆர்டிக்ஸ்-7 35டி சிப்பில் 50 மட்டுமே. அங்கே கோணத்தை 2 பாகை இடைவெளியில் வைத்து 45 பிளாக்கில் முடித்துக்கொள்ள வேண்டும்.

1920×1080-ஐப் பாதியாக்கி 960×540-ல் வேலை செய்தால் மூலைவிட்டம் 1,102-க்குச் சற்றுக் குறைவு. 1,024-ஐக் கொஞ்சமே தாண்டுகிறது, ஆனால் அந்தக் கொஞ்சத்துக்காகப் பெட்டி இரட்டிப்பாகும். ரோவின் படியை 1 பிக்சலுக்குப் பதில் 1.1 பிக்சல் ஆக்குங்கள். கொசைன், சைன் அட்டவணை எண்களை முன்கூட்டியே 1.1-ஆல் வகுத்து வைத்தால் போதும்; சுற்றில் ஒரு கம்பிகூட மாறாது, அறைகள் 1,003-க்குள் அடங்கிவிடும்.

அடுத்து ரோவைக் கணக்கிடுவது. 180 கோணத்துக்கும் இரண்டிரண்டு பெருக்கல் என்றால் 360 பெருக்கிகள் வேண்டும். 7020-ல் இருப்பதே 220. ஆனால் பிக்சல்கள் வரிசையாக வருகின்றன அல்லவா? அடுத்த நிரலுக்குப் போகும்போது ரோவில் கொசைன் தீட்டா மட்டும் கூடுகிறது. அடுத்த வரிசைக்கு இறங்கும்போது வரிசைத் தொடக்க மதிப்பில் சைன் தீட்டா கூடுகிறது. ஆக ஒவ்வொரு கோணத்துக்கும் இரண்டு கூட்டிகள், ஓர் எண்ணைப் பிடித்து வைக்கும் இரண்டு ரெஜிஸ்டர்கள். பெருக்கி ஒன்றுகூட வேண்டாம்.

கூட்டிக்கொண்டே போனால் சின்னப் பிழையும் கூடிக்கொண்டே போகும் என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னத்துக்கு 6 பிட் ஒதுக்கினால் 45 பாகையின் கொசைன் 0.7071, 45/64 என்று பதிவாகும். 640 நிரல் கடந்ததும் ரோ இரண்டரைப் பிக்சல் விலகியிருக்கும். ஒரே கோட்டின் ஓட்டுகள் மூன்று நான்கு அறைகளில் பரவி, உச்சம் தட்டையாகிவிடும். 12 பிட் ஒதுக்கினால் 2896/4096. அதே தூரத்தில் விலகல் 0.05 பிக்சல். மிக மோசமான கோணத்திலும் 640 நிரல், 480 வரிசை கூட்டலுக்கு 0.14-ஐத் தாண்டாது. முழு எண் பகுதிக்குக் குறியுடன் 10 பிட், பின்னத்துக்கு 12, மொத்தம் 22 பிட் கூட்டிகள். 360 கூட்டிகளுக்கும் சேர்த்து சுமார் 8,000 லட் (எஃப்பிஜிஏவின் அடிப்படைத் தர்க்க உறுப்பு). 7020-ல் 53,200 இருக்கின்றன.

பாதி ஓட்டு எங்கே போனது?

முதல்முறை கட்டுபவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. சுற்று ஓடுகிறது, செங்குத்துக் கோடுகள் அழகாகப் பிடிபடுகின்றன, சாய்வானவையும் வருகின்றன. கிடைமட்டக் கோடு மட்டும் வலுவிழந்து நிற்கிறது. 200 பிக்சல் நீளமுள்ள கோட்டுக்கு 100 ஓட்டுத்தான்.

ஓட்டுப் போடுவது மூன்று படி: பழைய எண்ணைப் படி, ஒன்று கூட்டு, திரும்ப எழுது. பிளாக் ராமில் ஒரு கிளாக்கில் முகவரி கொடுத்தால் எண் வெளிவரும், கூட்டியதை எழுதுவது அடுத்த கிளாக்கில். அந்த அடுத்த கிளாக்கிலேயே பக்கத்துப் பிக்சலும் தன் அறையைப் படிக்கிறது. 0 பாகைப் பெட்டியில் பக்கத்துப் பிக்சலின் ரோ ஒன்று மாறிவிடும், அறை வேறு, வம்பில்லை. 90 பாகையில் கொசைன் பூஜ்யம், அதனால் ஒரு வரிசை முழுக்க ஒரே ரோ. முதல் பிக்சல் 0 என்று படித்து 1 எழுதுகிறது. அது எழுதும் அதே கிளாக்கில் இரண்டாவது பிக்சலும் பழைய 0-வைப் படித்துவிட்டு, தன் பங்குக்கு 1 எழுதுகிறது. மூன்றாவது 1-ஐப் படித்து 2 எழுத, நான்காவதும் அதே 1-ஐப் படித்து 2 எழுதுகிறது. இரண்டு ஓட்டுக்கு ஒன்று காலி. பிளாக் ராமின் வெளிவாயில் கூடுதல் ரெஜிஸ்டரை இயக்கியிருந்தால் மூன்றில் ஒன்றுதான் மிஞ்சும்.

தீர்வு எளிது. ஒவ்வொரு பெட்டியின் வாசலிலும் ஒரு சிறு எண்ணி வையுங்கள். வரும் அறை முகவரி முந்தையதே என்றால் ராமைத் தொடாமல் எண்ணியை மட்டும் ஏற்றுங்கள். முகவரி மாறும்போது சேர்ந்ததை மொத்தமாகப் பழைய அறையில் கூட்டி எழுதுங்கள். ஒரு வரிசைக்குள் ரோ ஒரே திசையில்தான் நகரும், போன அறைக்குத் திரும்பி வராது. ஆகவே இது போதும். வரிசை முடிவில் எண்ணியில் மிச்சமிருப்பதை ராமில் சேர்க்க மறக்காதீர்கள். வரிசைகளுக்கு இடையே 160 கிளாக் ஓய்வு இருக்கிறது, அப்போது செய்யலாம்.

சி++ போன்ற மொழியில் எழுதிக் கருவியைக் கொண்டு சுற்றாக்கும்போதும் இதே சிக்கல் வேறு முகத்தில் வரும். கிளாக்குக்கு ஒரு பிக்சல் முடியாது, இரண்டு கிளாக்குக்கு ஒன்றுதான் என்று கருவி எச்சரிக்கும். அடுத்தடுத்த பிக்சல்களின் ஓட்டுகளுக்கிடையே சார்பு இல்லை என்று ஒரு குறிப்பு எழுதினால் எச்சரிக்கை மறைந்துவிடும், வேகமும் வரும், பாதி ஓட்டும் போய்விடும். கருவி பொய் சொல்லவில்லை. சார்பு இல்லை என்று நாம் சொன்னதுதான் பொய்.

எண்ணி முடிப்பது

ஒரு ஃப்ரேமின் கடைசி வரிசைக்கும் அடுத்ததன் முதல் வரிசைக்கும் நடுவே 45 வரிசை நேரம் காலியாக இருக்கும். வரிசைக்கு 800 கிளாக், மொத்தம் 36,000 கிளாக். அதற்குள் உச்சங்களைத் தேடிப் பெட்டிகளைத் துடைத்துவிட வேண்டும். பெட்டிகளை ஒவ்வொன்றாகப் படித்தால் 180 × 801, ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான கிளாக், நேரம் போதாது. எட்டெட்டாகப் படித்தால் 23 சுற்று, சுற்றுக்கு 1,024 கிளாக், மொத்தம் 23,552. அடங்கிவிடும். படித்த அறையில் மறு வாயில் வழியாக உடனே பூஜ்யம் எழுதிவிட்டால் துடைக்கத் தனி நேரம் வேண்டாம். இதைத் தவறவிட்டால் பழைய படத்தின் ஓட்டு புதிய படத்தோடு சேரும். அசையும் பொருள் பின்னால் பேய் போல ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு போகும்.

உச்சம் என்பது ஓர் அறை மட்டுமல்ல, அதைச் சுற்றிலும் மேடாக இருக்கும். பக்கத்து எட்டு அறைகளையும்விடப் பெரிதாக இருந்தால் மட்டும் ஏற்க வேண்டும், இல்லையென்றால் ஒரு கோடு ஐந்தாறு கோடாகத் தெரியும். 0 பாகையும் 179 பாகையும் உண்மையில் அண்டை வீட்டுக்காரர்கள், ரோவின் குறி மட்டும் மாறும். இதை விட்டுவிட்டால் செங்குத்துக் கோடுகள் இரண்டிரண்டாக வரும்.

ஒரு பாகை இடைவெளியில் கோணப் பிழை அரைப் பாகை வரை போகலாம். மையத்திலிருந்து 400 பிக்சல் தள்ளி அது மூன்றரைப் பிக்சல் விலகல். அளவெடுக்க வேண்டுமென்றால் கோணங்களைப் பெருக்கி மெமரியைக் கரைக்காதீர்கள். கோட்டுக்கு அருகிலுள்ள விளிம்புப் புள்ளிகளை மட்டும் எடுத்து, சிபியுவில் குறைந்த வர்க்க முறையில் (விலகல்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறையும்படி) கோட்டைப் பொருத்திக்கொள்ளலாம். சில நூறு புள்ளிகளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

வட்டம்

வட்டத்துக்கு மூன்று அறியா எண்கள்: மையத்தின் நிரல், வரிசை, ஆரம். 50 ஆரங்களுக்குப் பெட்டி கட்டினால் 1.5 கோடி அறைகள். அறைக்கு 8 பிட் போட்டாலும் 12 கோடிப் பிட்டுக்கு மேல். சிப்புக்குள் இடமில்லை. ஆகவே திசையைப் பயன்படுத்துகிறோம். வட்டத்தின் விளிம்பில் வெளிச்சம் மாறும் திசை மையத்தை நோக்கியோ அதற்கு நேர் எதிராகவோ இருக்கும். ஒவ்வொரு விளிம்புப் பிக்சலும் அந்தத் திசையில் உள்ள அறைகளுக்கு மட்டும் ஓட்டுப் போட்டால் மையம் கிடைக்கும், ஆரத்தைப் பிறகு தனியே எண்ணிக்கொள்ளலாம். மையப் பெட்டியை 320×240-ஆகக் குறைத்தால் 8 பிட்டுக்கு ஆறு லட்சம் பிட்தான்.

திசைக் கோணத்தைக் கண்டுபிடிக்க ஜாக் வோல்டர் 1959-ல் வெளியிட்ட கார்டிக் முறை கைகொடுக்கும். 45, 26.565, 14.036, 7.125 என்று குறைந்துகொண்டே வரும் கோணங்களால் திசையனை மாறி மாறித் திருப்பி அச்சில் படுக்க வைப்பதுதான் விஷயம். ஒவ்வொரு திருப்பமும் பிட் நகர்த்தலும் கூட்டலும் மட்டுமே. எட்டுத் திருப்பத்தில் அரைப் பாகைக்குள் வந்துவிடும். திசையனின் நீளம் 1.647 மடங்கு பெருகி வரும். வரம்பு மதிப்பையும் அதே மடங்கு உயர்த்திவிடுங்கள்.

ஜிபியுவில் செய்தால்

அங்கேயும் இதே தத்துவம்தான். கிராபிக்ஸ் சிப்பான ஜிபியுவில் ஒரே நேரத்தில் ஓடும் ஆயிரக்கணக்கான இழைகள் (த்ரெட்கள்) ஒரே பெரிய பெட்டியில் அணுக் கூட்டல் (ஒன்று முடிந்த பிறகே அடுத்தது கூட்டும் முறை) செய்தால் வரிசையில் நின்று காத்திருக்கும். இழைக் குழு ஒன்றுக்கு ஒரு கோணம் கொடுத்து, அதன் 801 அறைகளை அந்தக் குழுவின் பகிர்வு மெமரியில் வைத்தால் நான்கு பைட் எண்ணிக்கைக்கும் 3.2 கிலோபைட் போதும், நெரிசலும் குறையும். எழுதிப் பிழை திருத்துவது எஃப்பிஜிஏவைவிடப் பல மடங்கு சுலபம். ஆனால் படம் முழுதாக வந்து சேர்ந்த பிறகே வேலை தொடங்கும். கேமராவோடு சேர்ந்தே ஓடும் சுற்றுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. நொடிக்கு நான்கைந்து படம் போதும் என்பவர்களுக்கு இரண்டுமே வேண்டாம், சிபியு போதும்.

சோபெலை மட்டும் வன்பொருளுக்கு மாற்றிவிட்டு 'வேகமே ஏறவில்லையே' என்று கேட்பவர்கள் உண்டு. மொத்த நேரத்தில் சோபெலுக்கு 20 சதவீதம் போகிறதென்றால், அதைப் பூஜ்யமாக்கினாலும் மொத்தம் 1.25 மடங்குதான் வேகமாகும். எதை மாற்றுவது என்று முடிவெடுக்கும் முன் நேரத்தை அளந்து பாருங்கள்.

சரிதானா என்று பார்ப்பது

கேமராவை இணைக்கும் முன் சிமுலேஷனில் நான்கு செயற்கைப் படங்களைக் கொடுங்கள். முழுக் கறுப்பு: எல்லா அறையும் பூஜ்யமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் துடைப்பதில் கோளாறு. அடுத்த மூன்றையும் சோபெலைத் தாண்டி, விளிம்புப் படமாக நேரடியாக ஓட்டுப் பகுதிக்கே கொடுங்கள். ஒற்றைப் பிக்சல்: 180 பெட்டியிலும் சரியாக ஒவ்வோர் ஓட்டு. ஒரு செங்குத்துக் கோடு: 0 பாகைப் பெட்டியில் கோட்டின் நீளத்துக்குச் சமமான உச்சம். ஒரு கிடைமட்டக் கோடு: 90 பாகையில் அதே உச்சம், பாதி இருந்தால் காரணம் ஏற்கெனவே தெரியும்.

பிறகு ஒரு நிஜப் படத்தை ஓட்டி, எல்லாப் பெட்டிகளின் ஓட்டுகளையும் கூட்டுங்கள். விளிம்புப் பிக்சல் எண்ணிக்கை × 180 வர வேண்டும், ஒன்றுகூடக் குறையாமல். மொத்தம் குறைந்தால் பெட்டி பெட்டியாகக் கூட்டிப் பாருங்கள். 90 பாகையை ஒட்டிய பெட்டிகளில் மட்டும் குறைந்தால் ஒரே அறையில் அடுத்தடுத்து விழும் ஓட்டுகள் தொலைகின்றன. எல்லாப் பெட்டியிலும் சமமாகக் குறைந்தால் வரிசை முடிவிலோ தொடக்கத்திலோ பிக்சல்கள் விடுபடுகின்றன. கூடுதலாக இருந்தால் முந்தைய ஃப்ரேமின் மிச்சம் உள்ளே கிடக்கிறது.